மூன்றாம் ஓலை

மேத்யூவின் படம் பத்திரிகையில் வந்திருந்தது. தான்சானியாவில் வெளியாகும் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. உள்பக்கத்தின் மூலையில் ஒரு கட்டம். அதற்குள் பாஸ்போர்ட் அளவுப் படம், முழுப் பெயர், கீழே ஐந்தாறு வரி. அதை செல்போனில் படம் பிடித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். 'யம்மா, உன் புள்ள பேப்பர்ல வந்துட்டான் பாத்துக்கோ.'

குழுவில் நான்கு எண்கள். மேத்யூ, அவன் அம்மா ஃப்ளோரா, நான், ரேச்சல். ரேச்சல் மேத்யூவின் தங்கை. என் மனைவி. போன ஆகஸ்டில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அவள் எண்ணை யாரும் நீக்கவில்லை. அதனால் நாங்கள் அனுப்பும் எதற்கும் இரண்டாவது டிக் விழுவதில்லை.

அந்த வரிகளை நான் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். தார் எஸ் சலாமில் வசிக்கும் மேத்யூ அருள்பிரகாசம் தான்சானியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். அதை வழங்கக் கூடாது என்பதற்குக் காரணம் ஏதும் அறிந்தவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். கீழே முகவரியும் ஈமெயிலும் இருந்தன. இந்த விளம்பரம் இரண்டு முறை வர வேண்டுமாம்.

எனக்கு விஷயம் முன்பே தெரியும். மேத்யூ அங்கே துறைமுகத்தில் குளிர்சாதன கன்டெய்னர்களை ரிப்பேர் செய்கிறான். திருவொற்றியூர் யார்டில் கற்றுக்கொண்ட வேலை. போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. உள்ளூர் நண்பன் ஒருவனோடு சேர்ந்து சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறான். பெர்மிட்டைப் புதுப்பிக்க அலைந்து அலைந்து சலித்துவிட்டான். குடியுரிமை கிடைத்தால் அந்த அலைச்சல் தீரும். ஆனால் இந்தியக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

"அம்மாவாண்ட இப்ப மூச்சு வுடாத மச்சான். கெடச்சப்புறம் நானே சொல்லிக்கிறேன்" என்றிருந்தான்.

"படத்தை குரூப்ல போட்டா அவங்க படிக்க மாட்டாங்களா?"

"அது இங்கிலீசு. போட்டோவ நாலு பேருக்குக் காட்டி பெருமையடிச்சிக்கும். அவ்ளோதான்."

அவன் அம்மாவைப் பதினொரு வருஷமாகப் பெரும்பாலும் போனிலேயே பார்த்துப் பழகியவன். அப்படித்தான் நினைப்பான். நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். அத்தையைப் பற்றி எனக்கும் தெரியாமல் போனது.

அடுத்த வாரம் இரண்டாவது விளம்பரமும் வந்தது. அத்தை வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் போனைப் பார்த்தார்.

"ரெண்டாச்சு" என்றார். மீனின் தலை ஒரே வெட்டில் போயிற்று.

"என்ன அத்த?"

"ஒண்ணியும் இல்ல. துன்ன வா."

முன்பெல்லாம் 'மாப்ள, சாப்ட வாங்க' என்பார். ரேச்சல் போன பிறகு 'மாப்ள'யும் போயிற்று, 'வாங்க'வும் போயிற்று. இப்போது நான் ஜெரி. எனக்கு இது வசதியாக இருந்தது. அத்திப்பட்டிலிருந்து என் அம்மா, வீட்டுக்கே வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் ஆபீசுக்குப் போவது சுலபம் என்று சொல்லியிருந்தேன். அது உண்மையும்கூட.

அந்த நாட்களில் அத்தை விசித்திரமாகக் கேள்வி கேட்டார். "ஆப்பிரிக்காவுல பவுனு இன்னா வெல விக்கும்?" சாம்பார் ஊற்றும்போது இன்னொன்று. "அங்க சாமியாருங்க நம்ம சபதானா, இல்ல வேறயா?" தெரிந்த அளவுக்குப் பதில் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. அப்போதெல்லாம் நான் எதையும் ஏன் என்று கேட்பதில்லை.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீசில் சரக்கு ரசீது அடித்துக்கொண்டிருந்தேன். மேத்யூ கூப்பிட்டான்.

"மச்சான், எங்கம்மா இன்னா பண்ணி வெச்சிகீதுன்னு தெரியுமா?"

"என்ன?"

"ஆட்சேபம் எழுதிகீது மச்சான். என் குடியுரிமைக்கு. இங்கிலீசுல, ஈமெயில்ல. ஃபைல நிறுத்தி வெச்சிட்டாங்க. ஆபீசரம்மா என்னக் கூப்ட்டு, 'ஏம்பா, பெத்தவங்களே வாணான்றாங்களே, நீ அப்டி இன்னா பண்ணே'ன்னு கேக்குது. நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

"என்ன எழுதியிருக்காங்க?"

படித்துக் காட்டினான். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'மதிப்பிற்குரிய ஐயா, நான் மேத்யூவின் தாயார். நீங்கள் வெளியிட்ட இரண்டு ஓலைகளையும் பார்த்தேன். எனக்குத் தடை உள்ளது. எங்கள் வீட்டில் மகள் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. வருஷப் பூசைக்கு முன் நல்ல காரியம் செய்வது எங்கள் வழக்கம் அல்ல. மேலும், உங்கள் ஓலையில் பெண்ணின் பெயர் இல்லை. தகப்பன் பெயர் இல்லை. எந்தப் பங்குக் கோயில் என்று இல்லை. இப்படி ஓர் ஓலை நான் கேட்டதே கிடையாது. பெண் ஞானஸ்நானம் பெற்றவளா? தயவுசெய்து மூன்றாம் ஓலையை நிறுத்தி வைக்கவும். தயவுசெய்து பதில் போடவும்.'

எங்கள் கோயிலில் கல்யாணம் என்றால், அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம். கடைசி வரி என்றும் மாறாது. இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அத்தை கான்வென்டில் எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் பார்த்திருக்கிறார். அந்தக் கட்டத்தில் அவருக்குப் பிடிபட்டது அந்த ஒரு வரிதான். அதை அவர் அறுபது வருஷமாகக் கேட்டுவருகிறார்.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்து மேசை குணசேகரன் சார் திரும்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். இருமல் என்று நினைத்திருப்பார்.

"சிரிக்கிறியா மச்சான்?"

"இல்ல."

"சிரிச்ச. கேட்டுச்சு. சிரி, பரவால்ல. ஆனா வியாழக்கெழம அந்தம்மா எங்கம்மாவ வீடியோவுல பாக்கணுமாம். ஆட்சேபம் கீதா இல்லியான்னு அவங்க வாயாலயே கேட்டு எழுதிக்கணுமாம். உங்களுக்கு சாயங்காலம் அஞ்சரை. எங்கம்மா கீதுன்னு சொல்லிச்சுன்னா என் கதை கந்தல். அதுக்குள்ள நீ உண்மைய சொல்லிடு."

"நானா?"

"நான் சொன்னா போன வெச்சிடும். நீ எதுக்க நின்னு சொல்லு. உன்ன வெச்சிட முடியாது இல்ல."

ஈமெயிலின் ஆங்கிலம் யாருடையது என்று எனக்குத் தெரியும். கல்மண்டபம் பக்கத்தில் சாண்ட்ரா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கோயில் பாட்டுக் குழுவிலும் இருக்கிறாள். சாயங்காலம் வழியில் இறங்கி, மேத்யூ லெட்டரைப் படித்துக் காட்டினான் என்றேன்.

"அப்டியாண்ணா? லெட்டர் எப்டி? 'கைண்ட்லி' எத்தினி எடத்துல போட்டேன் பாத்தியா?"

"கேட்டேன். அந்தப் பேப்பரை நீ பார்த்தியா?"

"இல்லியே. ஆன்ட்டி வாயாலயே சொல்லிச்சு. ஈமெயில் அட்ரஸ் மட்டும் எழுதிகினு வந்துச்சு. பொண்ணு பேரு தெரிஞ்சிதாண்ணா?"

"தான்சானியா."

சாண்ட்ரா யோசித்தாள். "பேரு நல்லாத்தான் கீது" என்றாள்.

விளக்கிச் சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஜெராக்ஸ் மெஷின் மேல் சாய்ந்து சிரித்தாள். மூன்று வெள்ளைத் தாள் தானாக வெளியே வந்தது.

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஆன்ட்டிதான் வாணாம்னாங்க. 'ஜெரி முன்னாடி கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதுடி, பாவம்'னாங்க."

நான் வீட்டுக்கு நடந்தேன்.

அத்தை முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்தேன்.

"அத்த, அது ஓலை இல்ல."

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது?"

"மேத்யூ பேப்பர்ல வந்தது. கல்யாணம் எதுவும் இல்ல. பொண்ணும் இல்ல."

"பொண்ணே இல்லியா?"

"இல்ல."

"சும்மானாச்சும் கூட ஒண்ணு இல்லியா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அத்தை கீரைக் காம்பை முறத்தில் வீசினார். "முப்பத்தாறு வயசாவுது அந்த சோம்பேறிக்கு. சரி, எவளோ ஒருத்தி சிக்கினாளேன்னு கோவத்துலயும் ஒரு சந்தோசமா இருந்தேன். அதுவும் போச்சா? அப்ப இன்னாத்துக்கு போட்டோ புடிச்சிப் போட்டாங்க?"

சொன்னேன். குடியுரிமை என்றால் என்ன, ஏன் கேட்கிறான், பாஸ்போர்ட் என்ன ஆகும். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். அதற்குள் கீரை முழுவதும் உருவி முடிந்தது.

"அப்ப அவன் ஃபாரினரா?"

"ஆமா."

"ரேசன் கார்டுல பேரு?"

"எடுக்கணும்."

"கார்டுல நாலு பேரு இருந்தோம். அவங்கப்பா பேர எடுத்தாச்சு. ரேச்சல் பேர எடுன்னு கடைக்காரன் ஒவ்வொரு மாசமும் சொல்றான், நான் காது கேக்காத மாரி நிக்கிறேன். இப்ப உசுரோட கீறவன் பேரையும் எடுக்கணுமா? அரிசி வாங்க நான் ஒருத்தியா போய் நிக்கவா?"

"அவன் வேலை அங்கதானே அத்த."

"இங்க ஹார்பர் இல்லியா? கன்டெய்னர் இல்லியா? எண்ணூர் ரோடு பூரா டிரெய்லரா நிக்கிது. நீ போய் வரல?" முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தடை எழுதுனது தப்பா பூட்ச்சேன்னு பாத்தேன். கரெக்டாத்தான் எழுதிகீறேன்."

"வியாழக்கிழமை அந்த ஆபீசர் கேட்பாங்க. என்ன சொல்லப் போறீங்க?"

"அன்னிக்கி பாத்துக்கலாம்."

மேத்யூவுக்கு அதை அப்படியே அனுப்பினேன். குழுவில் அல்ல, தனியாக. 'மாதாவே' என்று பதில் வந்தது.

மறுநாள் அத்தை சாமியாரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் பரீட்சையில் தோற்ற களை.

"இன்னா சொன்னார் ஃபாதர்?" அத்தையின் பேச்சு எனக்கும் ஒட்டியிருந்தது.

"தடைன்னா கொஞ்சம்தான் தடையாம். ஏற்கெனவே கட்டினவனா இருக்கணும். ரத்த சொந்தமா இருக்கணும். கட்டாயப்படுத்திப் பண்றதா இருக்கணும். பெத்தவளுக்கு வயித்தெரிச்சல்னா அது தடையில வராதாம்."

"சரி."

"இன்னா சரி? அது கல்யாணத்துக்குச் சொன்ன சட்டம். நாட்டுக்கு வேற சட்டமா இருக்கும்."

வியாழக்கிழமை நான் சீக்கிரம் கிளம்பி வந்தேன். அத்தை ஈஸ்டருக்கு வாங்கிய பட்டுப் புடவையில் நாற்காலியில் இருந்தார். தலையில் கனகாம்பரம்.

"எதுக்கு அத்த பட்டு?"

"கவர்மெண்டு ஆபீசரு முன்னாடி நைட்டியில குந்துவாங்களா? நீயும் போய் மூஞ்சி கழுவு. தாடியும் நீயும்."

போனை நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கோப்புகள். பெரிய உடம்பும் மூக்குக்கண்ணாடியுமாக ஓர் அம்மா. அவர் பெயர் நீமா என்று மேத்யூ சொன்னான். அவன் பக்கத்தில் டை கட்டி உட்கார்ந்திருந்தான். அவனை டையில் நான் பார்த்தது என் கல்யாணத்தில்தான். அவர் சுவாஹிலியில் பேச, அவன் தமிழில் சொல்லி, அத்தை பேச, அவன் திருப்பிச் சொல்வது என்று ஏற்பாடு.

முதல் வாக்கியத்திலேயே அத்தை நிறுத்தினார்.

"டேய், அவங்கள இன்னான்னு கூப்ட்ட? மாமான்னா?"

"இங்க அம்மாவுக்கு மாமான்னுதாம்மா சொல்வாங்க. மரியாதை."

"அப்ப மாமாவுக்கு?"

"எம்ஜோம்பா."

"ஏசுவே" என்றார் அத்தை.

நீமா அம்மா ஏதோ கேட்டார். மேத்யூ தொண்டையைச் செருமினான். "உன் லெட்டர்ல வர்ற பொண்ண இவங்க ஃபைல் பூரா தேடினாங்களாம். கெடைக்கலியாம். நான் கண்ணாலத்த மறைக்கிறேனோன்னு சந்தேகம். எனக்கு அங்க பொண்டாட்டி கீதான்னு கேக்கறாங்க."

"இவனுக்கா? சட்டை பொத்தான் பிஞ்சா தெச்சித் தர ஆளு இல்ல. அத நல்லா எழுதிக்கச் சொல்லு."

அவன் மென்று விழுங்கிச் சொன்னான். நீமா அம்மா எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"உனக்கு எதுனா கேக்கணுமான்னு கேக்கறாங்க."

அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்தார். சம்பந்தி வீட்டில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "அங்க மீனு கெடைக்குமா?"

"உங்கள விட நல்ல மீனு கெடைக்குமாம். கடலு ஒண்ணுதானேன்றாங்க."

"எண்ணூர் கடல்ல கொட்டுன எண்ணெய் அங்க வராம பாத்துக்கச் சொல்லு. இவனுக்கு சளி புடிக்கும். நோவுன்னா யாரு பாப்பாங்க?"

"பட்டறையில ஜோசப்னு தோஸ்து கீறான், அவங்க வூட்ல பாப்பாங்கன்னு சொல்லிட்டேம்மா."

"உன்ன யாரு சொல்லச் சொன்னது? அவங்களக் கேளு."

கேட்டான். நீமா அம்மா நீளமாகச் சொன்னார், கையை ஆட்டி ஆட்டி. "எங்க ஊருல யாரும் தனியா சாவறது இல்ல, தெருவே வந்து நிக்கும், சொந்தக்காரங்க தொல்லைதான் ஜாஸ்தின்றாங்க."

"அது நம்ம ஊரு மாரிதான் கீது" என்றார் அத்தை. புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். "நான் செத்தா இவன அனுப்புவாங்களா?"

மேத்யூ டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுடா. பேஜார் பண்ணாத."

சொன்னான். நீமா அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மெதுவாகப் பேசினார். மேத்யூ மேசையைப் பார்த்துச் சொன்னான். "அன்னிக்கே அனுப்புவாங்களாம். ஆனா உள்ள வர்றதுக்கு விசா... அது நம்ம இந்தியாதான் குடுக்கணுமாம். அவங்க கையில இல்லியாம்."

"அய்ய! அப்ப பேஜாரு நம்ம ஆளுங்களாண்டதானா?"

அது மொழிபெயர்க்காமலே நீமா அம்மாவுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது. மேசை குலுங்கச் சிரித்தார். ஒரு கோப்பு சரிந்தது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உன் கூட அங்க யாரு கீறாங்கன்னு கேக்கறாங்கம்மா."

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துப் போனை என் பக்கம் திருப்பினார். "இவன் கீறான்."

மேத்யூ ஒரு வார்த்தை சொன்னான்.

"இன்னா சொன்ன?"

"மச்சான்னு சொன்னேன்."

"அது உனக்கு. எனக்கு இன்னா வேணும்னு சொல்லு."

"தங்கச்சி வூட்டுக்காரருன்னு..."

"புள்ளன்னு சொல்லு."

மேத்யூ சொன்னான். நீமா அம்மா திரையில் என்னையே பார்த்தார். மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் என் முகம் தெரிந்தது. கழுவியிருந்தேன். தாடி அப்படியே இருந்தது. அவர் ஏதோ கேட்க, மேத்யூ முதல் தடவையாகச் சிரித்தான்.

"மச்சான், அதுக்கு உனக்கு எதுனா ஆட்சேபம் கீதான்னு கேக்கறாங்க."

"இல்லை" என்றேன். குரல் சின்னதாக வந்தது. இன்னொரு முறை சொன்னேன்.

அத்தை போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் தடை இல்லன்னு எழுதிக்கச் சொல்லு. நான் எழுதுனத கிழிச்சிப் போடச் சொல்லு. ஆனா ஒண்ணு. ஒங்க ஊருக்கார புள்ளையா ஆயிட்டான் இல்ல, நீங்களே ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வெச்சிடணும். ஆகஸ்ட்டு போவட்டும். வருசம் திரும்பினப்புறம்."

மேத்யூ பாதியைத்தான் சொன்னான். நீமா அம்மா மீதியையும் சொல்லச் சொல்லி, அதையும் எழுதிக்கொண்டார்.

போனை வைத்ததும் அத்தை கனகாம்பரத்தை எடுத்து மாதா படத்துக்கு வைத்தார். "நாளைக்கி சாண்ட்ராவாண்ட போய் ரேசன் கார்டுல உம் பேர சேத்துடு" என்றார்.

"என் பேர் அத்திப்பட்டுல அப்பா கார்டுல இருக்கு. முதல்ல அங்க எடுக்கணும். அம்மா சம்மதிக்கணும்."

"உங்கம்மாவாண்ட நான் பேசிக்கிறேன். தடை கிடைன்னாங்கன்னா அந்த மாமாவயே வீடியோவுல கூப்புடுவோம்." உள்ளே போனவர் திரும்பி வந்தார். "ஜெரி, அவங்க ஊர்ல ரெண்டு ஓலதானா? மூணாவது கெடயாதா?"

"ரெண்டுதான்."

"அது இன்னா கணக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அத்தையோடு போனேன். கொஞ்ச மாதமாகப் போகவில்லை. நான்காவது பெஞ்சில் உட்கார்ந்தோம். பிரசங்கம் முடிந்து, அறிவிப்புகள் முடிந்து, ஃபாதர் ஓலை வாசித்தார். காசிமேட்டுப் பையன் ஒருவன், பழைய வண்ணாரப்பேட்டைப் பெண் ஒருத்தி. இருவரும் எங்களுக்குத் தெரியாதவர்கள். மூன்றாம் முறை. கடைசி வரி வந்தது. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

ஃபாதர் தாளை மடித்தார். கோயில் அமைதியாக இருந்தது.

"இல்ல ஃபாதர்" என்றார் அத்தை. மெதுவாகச் சொல்வதாக அவர் நினைத்திருக்க வேண்டும். "நான்தான் சொல்லிட்டனே."

ஃபாதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பாட்டுக் குழுவில் சாண்ட்ரா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் வாயிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. இந்த முறை அதை இருமல் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.